செயலி எமுலேட்டரில் நிரலை ஏற்றும் பகுதியைப் பராமரிப்பது எப்படி

நீடாமங்கலத்திலிருந்து வார இறுதிகளில் கும்பகோணத்துக்கு வந்து என்னுடன் ஒரு செயலிக்கான நிரலை வேறொரு செயலியில் ஓட்டிக்காட்டும் க்யூஎமு எமுலேட்டரின் மூலநிரலைப் படிக்கும் மாணவர் ஒருவர், ஐப்பசி மழையில் ஒரு நாள் தன் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். தொடக்க மதிப்பு எதுவும் கொடுக்காமல் அவர் அறிவித்திருந்த ஒரு பொது மாறி, சி மொழியின் விதிப்படி பூஜ்யமாக இருந்திருக்க வேண்டும். அது 977486663 என்று நின்றது. “அண்ணே, இதுல நான் எதுவுமே எழுதல. என் லேப்டாப்ல ஓட்டினா பூஜ்யம்தான் வருது, உங்க பெட்டியில மட்டும் இப்படி வருது” என்றார். அந்த எண்ணை நான்கு பைட்டுகளாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். கடைசிப் பைட்டிலிருந்து தொடங்கினால் 71, 67, 67, 58 என்று வந்தது. எழுத்துகளாக வாசித்தால் அது ஜி, சி, சி, ஒரு முக்காற்புள்ளி. கம்பைலர் தன் பெயரையும் பதிப்பையும் கோப்பின் கடைசியில் எழுதி வைக்கும் குறிப்பின் முதல் நான்கு எழுத்துகள்.

தவறு அவருடைய நிரலில் இல்லை. அதற்கு ஒரு வாரம் முன்பு ஏற்றிப் பகுதியில், அதாவது லோடரில், நான் செய்திருந்த திருத்தத்தில் இருந்தது. தலைமடையில் மதகுப் பலகை ஒரு சாண் தவறி நின்றால் அங்கே நிற்பவருக்கு எதுவும் தெரியாது, கடைமடையில் நாற்று வாடும்போதுதான் தெரியும். ஏற்றியும் அப்படிப்பட்ட இடம்தான். அது தவறாக வைத்த ஒரு பைட், நிரல் பல லட்சம் கட்டளைகளைக் கடந்த பிறகு, ஏற்றிக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் எங்கோ ஓரிடத்தில் விழும். ஆகவே இந்தப் பகுதியைப் பராமரிக்க முன்வருபவர் எந்த ஒழுங்கில் பார்க்க வேண்டும் என்பதை, க்யூஎமுவை முன்வைத்து, நான் செய்து பழகிய முறையில் இங்கே எழுதுகிறேன்.

எந்த ஏற்றியைத் தொடுகிறோம்

ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2003இல் வெளியிட்ட இந்த எமுலேட்டருக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு ஏற்றிகள் இருக்கின்றன என்பதைப் புதியவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஒன்று பயனர் முறைக்கு உரியது. வேறொரு செயலிக்காகக் கம்பைல் செய்த லினக்ஸ் நிரல் ஒன்றை நம் கணினியிலேயே ஓட்டும்போது, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் செய்யவேண்டிய ஏற்றும் வேலையை இது தானே செய்கிறது. ‘லினக்ஸ்-யூசர்’ அடைவுக்குள் ‘எல்ஃப்லோட்’ என்ற கோப்பில் இது இருக்கிறது. மற்றொன்று முழு இயந்திர முறைக்கு உரியது. கெர்னலையோ ஃபர்ம்வேரையோ போலி இயந்திரத்தின் நினைவகத்தில் வைப்பது இதன் வேலை, இருக்குமிடம் ‘ஹெச்டபிள்யூ/கோர்’ அடைவு. லினக்ஸ் நிரல்கள் வைக்கப்படும் கோப்பு வடிவமான எல்ஃப் கோப்பை இரண்டும் படித்தாலும் இரண்டுக்கும் முன்மாதிரி வேறு. முதலாவது கெர்னலைப் போல நடந்துகொள்ள வேண்டும். இரண்டாவது, இயந்திரம் தொடங்கியதும் கெர்னலை ஏற்றிவைக்கும் பூட்லோடரைப் போல நடந்துகொள்ள வேண்டும். ஒன்றில் சரியான திருத்தம் மற்றொன்றில் பிழையாகும்.

இந்தக் கட்டுரையில் பயனர் முறையைப் பற்றியே அதிகம் பேசப்போகிறேன், ஏனெனில் நுணுக்கம் அங்கேதான் குவிந்திருக்கிறது. அங்கே ஐயம் வரும்போது எல்ஃப் விவரக்குறிப்பு ஒன்று சொல்லி, கெர்னல் வேறொன்று செய்தால், கெர்னல் செய்வதையே பின்பற்ற வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. பயனர்கள் கையில் இருக்கும் கோப்புகள் எல்லாம் கெர்னலில் ஓடிச் சோதிக்கப்பட்டவை. விவரக்குறிப்பின் பக்கங்களில் ஓடிச் சோதிக்கப்பட்டவை அல்ல.

திருத்துவதற்கு முன்பு மறுபடி நிகழ்த்துங்கள்

பிழை அறிக்கை வந்ததும் மூலநிரலைத் திறக்காதீர்கள். முதலில் அந்தக் கோப்பை வாங்கி, ‘ரீட்எல்ஃப்’ கருவியால் அதன் நிரல் ஹெட்டர்களை அச்சிட்டு, ஒவ்வொரு செக்மென்டும் (நினைவகத்தில் ஒரே துண்டாக ஏற்றப்படும் பகுதி) கோப்பில் எங்கே தொடங்குகிறது, எந்த முகவரிக்குப் போகிறது, கோப்பில் எத்தனை பைட், நினைவகத்தில் எத்தனை பைட், என்ன அனுமதி என்று தாளில் எழுதுங்கள். தாளில் எழுதுவது பழைய பழக்கமாகத் தோன்றலாம்; ஆனால் இந்தப் பகுதியின் பிழைகளில் பெரும்பாலானவை கூட்டல் கழித்தல் பிழைகள், கையால் ஒரு முறை கூட்டிப் பார்த்தவருக்கு அவை தாமாகவே தெரிகின்றன. பிறகு எமுலேட்டரைப் பக்கப் பதிவு விருப்பத்துடன் ஓட்டினால், நிரலின் தொடக்கம், தரவின் முடிவு, ஸ்டாக்கின் (தற்காலிக மதிப்புகள் அடுக்கப்படும் நினைவகப் பகுதியின்) தொடக்கம், நுழைமுகவரி (முதலில் ஓடும் கட்டளையின் முகவரி) ஆகியவற்றை அது அச்சிடும். தாளில் இருப்பதும் திரையில் இருப்பதும் எங்கே விலகுகின்றனவோ அங்கே பிழை இருக்கிறது. அசல் வன்பொருள் கிடைத்தால் அதே கோப்பை அதில் ஓட்டி, செயலின் நினைவக வரைபடத்தைப் ‘ப்ராக்’ கோப்பு முறைமையிலிருந்து எடுத்து ஒப்பிடுவது இன்னும் நல்லது.

கம்பைல் செய்யும்போது தேவையான இலக்கை மட்டும் தேர்ந்தெடுங்கள். எல்லா இலக்குகளையும் சேர்த்துத் தொடங்கிவிட்டு, மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் காலை 9 மணிக்கு மின்சாரம் போய் முழுவதும் பாதியில் நின்ற அனுபவம் எனக்கு உண்டு. ரிஸ்க்-வி 64 பிட் பயனர் முறை இலக்கு ஒன்றை மட்டும் கேட்டால் சாதாரண மடிக்கணினியிலும் வேலை விரைவாக முடியும்.

ஹெட்டரை நம்பாதீர்கள்

கோப்பில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் யாரோ எழுதியது. அது பொய்யாக இருக்கலாம். சோதிக்கும் வரிசை முக்கியம். முதல் 16 பைட்டுகள் அடையாளப் பகுதி. அவை தனித்தனிப் பைட்டுகள் என்பதால் பைட் வரிசை, அதாவது பல பைட் கொண்ட எண்ணில் எந்தப் பைட் முதலில் வரும் என்பது, அவற்றைப் பாதிக்காது. அவற்றிலிருந்தே கோப்பு 32 பிட்டா 64 பிட்டா, பைட் வரிசை எது என்பதை அறிந்துகொண்டு, அதன் பிறகு மீதி ஹெட்டரை ஹோஸ்டின், அதாவது எமுலேட்டர் ஓடும் கணினியின், வரிசைக்கு மாற்ற வேண்டும், அதற்கும் பிறகே மற்ற எண்களைச் சோதிக்க வேண்டும். மாற்றுவதற்கு முன்பு சோதித்தாலும், இரண்டு முறை மாற்றினாலும், நம் மடிக்கணினியில் எதுவும் தெரியாது, ஏனெனில் இன்டெல், ஆர்ம், ரிஸ்க்-வி எல்லாமே நடைமுறையில், மதிப்பு குறைந்த பைட் முதலில் வரும் சிறு முனை வரிசையில்தான் ஓடுகின்றன. அதற்கு நேர்மாறான பெரு முனை வரிசையுள்ள எஸ்390எக்ஸ் ஹோஸ்டில் ஓட்டும்போதுதான், ரிஸ்க்-வியின் இயந்திர எண்ணான 243 என்பது 62208 ஆகத் தெரிந்து, தெரியாத செயலி என்று ஏற்றி மறுக்கும். அப்படி ஒரு ஹோஸ்ட் கையில் இல்லாவிட்டால், பெரு முனை வரிசையுள்ள கெஸ்ட் ஒன்றை (எமுலேட்டர் போலியாகக் காட்டும் செயலியை) உங்கள் மடிக்கணினியில் ஓட்டிப் பாருங்கள். மாற்றும் வேலை அங்கேயும் நடந்தாக வேண்டும் என்பதால் அதே பிழை பிடிபடும்.

நிரல் ஹெட்டர் ஒன்றின் அளவு 64 பிட் கோப்பில் 56 பைட், 32 பிட் கோப்பில் 32 பைட். அனுமதியைச் சொல்லும் புலம் முன்னதில் இரண்டாவதாகவும் பின்னதில் ஏழாவதாகவும் இருக்கிறது. ஆகவே ஒன்றின் அமைப்பை மற்றொன்றுக்கு அகலம் மட்டும் மாற்றிப் பயன்படுத்த முடியாது. கோப்பு தன் ஹெட்டரின் அளவாகச் சொல்வது நாம் எதிர்பார்க்கும் அளவுடன் சரியாகப் பொருந்தாவிட்டால் மறுத்துவிடுங்கள். ஹெட்டர்களின் மொத்த அளவு 64 கிலோபைட்டுக்கு மேல் போனால் கெர்னல் ஏற்பதில்லை. நாமும் ஏற்க வேண்டியதில்லை.

ஆபத்தான இடம் கூட்டல். செக்மென்டின் முகவரியும் அதன் நினைவக அளவும் தனித்தனியே பார்க்கச் சரியாக இருக்கும். கூட்டினால் 64 பிட்டைத் தாண்டிச் சுற்றிவந்து சிறிய எண்ணாகிவிடும். அந்தச் சிறிய எண்ணை வைத்து இடத்தை ஒதுக்கினால், பிறகு எழுதுவது எமுலேட்டரின் சொந்த நினைவகத்தின்மீது விழும். கூட்டிய பின் விடை, கூட்டப்பட்ட எண்ணைவிடக் குறைந்ததா என்று பார்ப்பது ஒரு வரி வேலை. அந்த ஒரு வரியை எழுதத் தயங்காதீர்கள். கோப்பு அளவு நினைவக அளவைவிடப் பெரியதாக இருந்தாலும், நிரல் தொடங்கும்போது அதற்குத் தேவையான நூலகங்களை இணைக்கும் டைனமிக் லிங்கரின் பாதையைச் சொல்லும் பகுதி பூஜ்யப் பைட்டில் முடியாவிட்டாலும், படித்த பைட்டுகள் கேட்டதைவிடக் குறைந்தாலும் இதே கண்டிப்பு வேண்டும். மறுக்கும்போது எந்தப் புலம், எந்த மதிப்பு என்று செய்தியில் சொல்லுங்கள். ‘தவறான கோப்பு’ என்று மட்டும் சொன்னால் அடுத்த அறிக்கையைப் படிக்கப்போவது நீங்கள்தான்.

பக்க அளவும் பூஜ்யமாக்க வேண்டிய பைட்டுகளும்

இப்போது 977486663க்கு வருகிறேன். அந்த மாணவரின் சோதனை நிரலில் இரண்டு செக்மென்டுகள். கட்டளைகள் கோப்பின் தொடக்கத்திலிருந்து 6000 பைட், முகவரி 65536. தரவு கோப்பில் 7168ஆம் பைட்டிலிருந்து தொடங்குகிறது, முகவரி 76800, கோப்பில் 700 பைட், நினைவகத்தில் 3000 பைட். நினைவகம் பக்கம் பக்கமாகவே பங்கிடப்படுகிறது; கெஸ்டின் பக்க அளவு 4096 பைட். முகவரியையும் கோப்பு இடத்தையும் 4096ஆல் வகுத்தால் இரண்டிலும் மீதி 3072 என்பதைக் கவனியுங்கள். இந்தப் பொருத்தம் இருப்பதால்தான் கோப்பின் பக்கத்தை அப்படியே நினைவகத்தில் பொருத்த முடிகிறது.

தரவு செக்மென்டின் பக்கம் முகவரி 73728இல் தொடங்குகிறது. கோப்பில் அதற்கு இணையானது 4096ஆம் பைட். அந்தப் பக்கத்தில் 3072 பைட்டுகளைக் கடந்து, 700 பைட் தரவு முடியும் இடம் முகவரி 77500. பக்கம் முடிவது 77824இல். இடையிலுள்ள 324 பைட்டுகள் நிரலின் பார்வையில் தொடக்க மதிப்பில்லாத மாறிகள், பூஜ்யமாக இருக்க வேண்டியவை. ஆனால் கோப்பின் பக்கத்தைப் பொருத்தும்போது, தரவுக்கு அடுத்து கோப்பில் என்ன இருக்கிறதோ அது இங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். தரவுக்கு அடுத்து இருப்பது கம்பைலரின் குறிப்பு. ஆகவே ஏற்றி அந்த 324 பைட்டுகளையும் தன் கையால் பூஜ்யமாக்க வேண்டும். மீதி 1976 பைட்டுகள், 77824 முதல் 79800 வரை, அடுத்த பக்கத்தில் வருகின்றன. அதற்குப் பெயரற்ற புதிய பக்கம் ஒன்றைக் கேட்டால் கெர்னல் அதைப் பூஜ்யமாகவே தரும்.

4 கிலோபைட் பக்கமுள்ள மடிக்கணினியில் என் திருத்தம் இவை எல்லாவற்றையும் ஒழுங்காகவே செய்தது. என் மேசையில் இருந்த ஆர்ம் பெட்டியின் கெர்னல் 64 கிலோபைட் பக்கத்துடன் கட்டப்பட்டது. அங்கே 65536 முதல் 131072 வரை ஒரே ஹோஸ்ட் பக்கம். கட்டளைகளும் தரவும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. கோப்பின் 4096ஆம் பைட்டை 73728க்கு நேரடியாகப் பொருத்தும்படி ஹோஸ்டிடம் கேட்கவும் முடியாது, ஏனெனில் இரண்டு எண்களும் 65536இன் மடங்குகள் அல்ல. ஆகவே இடத்தை முன்பே ஒதுக்கி, கோப்பிலிருந்து பைட்டுகளைப் படித்து அதில் நிரப்பும் மாற்று வழியில் போக வேண்டும். ஒதுக்கிய இடம் ஏற்கெனவே பூஜ்யம்தானே, இன்னொரு முறை எதற்கு என்று எண்ணி, அந்த வழியில் பூஜ்யமாக்கும் படியை நான் எடுத்துவிட்டிருந்தேன். அதே வழியில் 3772 பைட் படிப்பதற்குப் பதிலாக, பக்க அளவுக்கு உயர்த்தி 4096 பைட் படித்தும் இருந்தேன். தனித்தனியே பார்த்தால் இரண்டுமே நியாயமாகத் தெரிந்தன. சேர்ந்தபோது 324 பைட் குப்பை உள்ளே வந்துவிட்டது.

எனவே இரண்டு விதிகளைக் கடைப்பிடிக்கப் பரிந்துரைக்கிறேன். முதலாவது, கோப்புத் தரவு முடியும் முகவரியிலிருந்து செக்மென்ட் முடியும் முகவரி வரை பூஜ்யமாக்கும் வேலையை ஒரே செயற்கூறில் வையுங்கள். பைட்டுகள் எந்த வழியில் உள்ளே வந்தாலும் அந்தச் செயற்கூறு ஓடியே ஆகட்டும். தேவையில்லாமல் ஒரு பக்கத்தைப் பூஜ்யமாக்குவதால் ஆகும் செலவு ஒன்றுமில்லை. இரண்டாவது, கெஸ்ட் பக்க அளவையும் ஹோஸ்ட் பக்க அளவையும் ஒரே மாறியில் கலக்காதீர்கள். செக்மென்டின் எல்லை கெஸ்ட் பக்கத்தில் கணக்கிடப்பட வேண்டும். ஹோஸ்டிடம் கேட்கும் இடத்தின் எல்லை மட்டும் ஹோஸ்ட் பக்கத்தில். பூஜ்யமாக்கும் எல்லையை ஹோஸ்ட் பக்க முடிவான 131072 வரை நீட்டிவிட்டால், 81920இல் தொடங்கும் இன்னொரு செக்மென்ட் இருக்கும் நாளில் அதை முழுவதுமாக அழித்துவிடுவோம். எழுத அனுமதியில்லாத செக்மென்டில் பூஜ்யம் எழுத முனைந்தால் எமுலேட்டரே விழும் என்பதால், எழுதுவதற்கு முன் அனுமதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முகவரி வெளி

செக்மென்டுகளை ஒவ்வொன்றாகப் பொருத்தத் தொடங்குவதற்கு முன், மிகத் தாழ்ந்த முகவரியையும் மிக உயர்ந்த முகவரியையும் கண்டு, இடைப்பட்ட முழு இடத்தையும் அனுமதி எதுவுமின்றி ஒரே தடவையில் ஒதுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு செக்மென்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் வேறு ஏதாவது வந்து அமர்ந்துவிடும். கோப்பு நிலையான முகவரி கேட்பதா, எங்கு வைத்தாலும் ஓடுவதா என்பது ஹெட்டரின் வகைப் புலத்தில் 2 அல்லது 3 என்று இருக்கும். நிலையான முகவரி கேட்பவற்றில்தான் தொல்லை. ஹோஸ்ட் கெர்னல் மிகத் தாழ்ந்த முகவரிகளை, வழக்கமாக முதல் 65536 பைட்டுகளை, யாருக்கும் தருவதில்லை; அங்கேயே உட்கார வேண்டும் என்று கேட்கும் பழைய நிரல்களுக்காக, கெஸ்டின் எல்லா முகவரிகளுடனும் ஓர் அடிமதிப்பைக் கூட்டி ஹோஸ்ட் முகவரியாக்கும் ஏற்பாடு க்யூஎமுவில் இருக்கிறது. இந்த அடிமதிப்பைக் கண்டுபிடிக்கும் செயற்கூறு பலமுறை திருத்தி எழுதப்பட்ட ஒன்று. அதைத் தொடுவதற்கு முன், 32 பிட் ஆர்ம் கெஸ்டை 64 பிட் ஹோஸ்டில் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள், ஏனெனில் அந்தச் செயலியின் லினக்ஸ் தன் முகவரி வெளியின் உச்சிக்கு அருகே ஒரு பொதுப் பக்கத்தை எதிர்பார்க்கிறது. நிரலுக்கு இடம் கிடைத்தும் அந்தப் பக்கத்துக்கு இடம் கிடைக்காமல் போவது இங்கே நடக்கும்.

ஸ்டாக்கில் வைக்கும் பட்டியல்

நிரலுக்குக் கெர்னல் கொடுக்கும் முதல் கடிதம் ஸ்டாக்கில் இருக்கிறது: அளபுருக்கள், சூழல் மாறிகள், அவற்றுக்குப் பின் நுழைமுகவரி, பக்க அளவு போன்றவற்றைச் சொல்லும் துணைப் பட்டியல். இதில் இரண்டு பதிவுகளை மாற்றி வைப்பது அடிக்கடி நடக்கும் பிழை. டைனமிக் லிங்கர் தேவைப்படும் கோப்பில் செயலி முதலில் குதிக்க வேண்டியது லிங்கரின் நுழைமுகவரிக்கு. ஆனால் பட்டியலில் நுழைமுகவரி என்று எழுத வேண்டியது மூல நிரலுடையது, லிங்கரின் அடிமுகவரிக்குத் தனிப் பதிவு உண்டு. நிரல் ஹெட்டர்கள் இருக்குமிடத்தைச் சொல்லும் பதிவும் மூல நிரலையே சுட்ட வேண்டும்.

பக்க அளவு என்ற பதிவில் முன்பு கெஸ்ட், ஹோஸ்ட் இரண்டில் பெரியதைச் சொல்லும் வழக்கம் இருந்தது. கெஸ்டின் அளவைச் சொல்வதே முறை. செயலியின் திறன்களைச் சொல்லும் பதிவு, பயனர் தேர்ந்தெடுத்த செயலி மாதிரியிலிருந்து கணக்கிடப்பட வேண்டும். இதில் ஒரு பிட் கூடுதலாகிவிட்டால், சி நூலகம் அதை நம்பி வேகமான நகலெடுக்கும் செயற்கூறைத் தேர்ந்தெடுக்கும். அந்தக் கட்டளையை எமுலேட்டர் அறியாததால் நிரல் செல்லாத கட்டளை என்று சாகும். அறிக்கை எழுதுபவர் நகலெடுக்கும் செயற்கூறைக் குற்றம் சொல்வார். இந்தத் திறன் கணக்கு முன்பு ஒரே பெரிய கோப்பில் நிபந்தனை வரிகளாக அடுக்கப்பட்டிருந்தது. அண்மைய பதிப்புகளில் ஒவ்வொரு செயலிக்குரிய அடைவுக்கும் பிரித்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். பழைய கிளைக்குத் திருத்தத்தை எடுத்துச்செல்பவர் இந்த இடமாற்றத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். குலுக்கு எண்ணுக்காகக் கொடுக்கும் 16 பைட்டுகளும், பெரும்பாலான செயலிகள் எதிர்பார்க்கும் 16 பைட் ஸ்டாக் ஒழுங்கும் சிறிய விஷயங்கள்தான், ஆனால் பட்டியலில் ஒரு பதிவைச் சேர்க்கும்போது ஸ்டாக் ஒழுங்கைத் திரும்பக் கணக்கிட மறந்துவிடாதீர்கள்.

முழு இயந்திர முறையைப் பற்றிச் சுருக்கமாக மூன்று குறிப்புகள் போதும். அங்கே செக்மென்டின் மெய்நிகர் முகவரிக்குப் பதிலாக இயற்பியல் முகவரிப் புலமே இடத்தைத் தீர்மானிக்கிறது. ஏற்றிய துண்டு, இயந்திரம் மீட்டமைக்கப்படும் ஒவ்வொரு முறையும் நினைவகத்தில் திரும்ப எழுதப்படும். ஆகவே இரண்டு துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் தொடக்கத்திலேயே பிழை சொல்லி நிற்கும், அந்தச் சோதனையைத் தளர்த்தக் கூடாது. எல்ஃப் படிக்கும் நிரல்பகுதி 32 பிட்டுக்கு ஒரு முறையும் 64 பிட்டுக்கு ஒரு முறையும் உள்ளிழுக்கப்படுகிறது. ஒரு வரியைத் திருத்தினால் இரண்டு ஏற்றிகளைத் திருத்தியதாகவே எண்ணி இரண்டிலும் சோதியுங்கள்.

திருத்தத்தை அனுப்புவது

ஒரு பேட்சில், அதாவது அனுப்பும் திருத்தத் துண்டில், ஒரு மாற்றம் மட்டும் இருக்கட்டும். நிரல்வரிகளை இடம் மாற்றுவதும் நடத்தையை மாற்றுவதும் ஒரே பேட்சில் வந்தால், படிப்பவருக்கு 3 வரி மாற்றம் 300 வரிக்குள் ஒளிந்துகொள்ளும். என் 324 பைட் பிழை தப்பியதற்கும் அதுதான் காரணம். தொடரில் ஒவ்வொரு பேட்சும் தனியாகக் கம்பைல் ஆக வேண்டும், இல்லாவிட்டால் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் கருவியில், பிழை நுழைந்த பதிவைப் பின்னாளில் பாதிப்பாதியாகத் தேடும் வசதி அந்த இடத்தில் பயனற்றுப்போகும். பழைய பிழையைத் திருத்துவதானால், அதை அறிமுகப்படுத்திய பதிவின் அடையாளத்தை ‘ஃபிக்ஸஸ்’ வரியில் எழுதுங்கள். நிலைப்பதிப்புகளைப் பராமரிப்பவர்கள் எந்தெந்தக் கிளைக்கு இது தேவை என்று அதை வைத்தே முடிவு செய்கிறார்கள். ‘சைன்ட்-ஆஃப்-பை’ வரி இல்லாத பேட்சை ஏற்கமாட்டார்கள். நடையைச் சோதிக்கும் நிரலும், யாருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லும் நிரலும் மூலநிரலின் ‘ஸ்கிரிப்ட்ஸ்’ அடைவிலேயே இருக்கின்றன.

கடைசியாகச் சோதனைக் கோப்பு. ‘டெஸ்ட்ஸ்/டிசிஜி’ அடைவில், கெஸ்டின் கட்டளைகளாகவே கம்பைல் செய்து ஓட்டப்படும் சிறு நிரல்கள் இருக்கின்றன. உங்கள் பிழையைக் காட்டும் மிகச் சிறிய நிரலை அங்கே சேருங்கள். நீடாமங்கலத்து மாணவரிடம் அந்த வேலையைக் கொடுத்தேன். “சி நூலகத்தை எடுத்துடுங்க தம்பி, அது உள்ள இருந்தா மாறி வேற இடத்துக்கு நகர்ந்துடும்” என்று மட்டும் சொன்னேன். தொடக்க மதிப்பில்லாத ஒரு வரிசை, அதன் ஒவ்வொரு பைட்டையும் பூஜ்யமா என்று பார்க்கும் ஒரு சுழல், தரவு செக்மென்ட் பக்கத்தின் நடுவில் முடியும்படி ஒரு லிங்கர் விருப்பம் என்று 30 வரிக்குள் அவர் எழுதி முடித்தார். என் பிழையான கிளையில் ஆர்ம் பெட்டியில் அது முதல் பைட்டிலேயே 71 என்று சொல்லி நின்றது. திருத்திய கிளையில் இரண்டு இயந்திரங்களிலும் எதுவும் சொல்லாமல் முடிந்தது.